உழைப்பாளர் சிலையில் ஏன் ஒரு பெண்கூட இல்லை? உப்பளத்துப் பெண்களுக்குச் சிலை வைப்பது பற்றி ஒரு கேள்வி

அளத்துப்பிள்ளை எழுதியது:

போன ஞாயிறு மகளை மெரினாவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வாலாஜா சாலை வந்து கடற்கரைச் சாலையில் முட்டும் இடத்தில் உழைப்பாளர் சிலையைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு ஓடினாள். சுற்றிச் சுற்றி வந்து நான்கு பேரையும் எண்ணினாள். அப்புறம் "அம்மா, இதுல ஆச்சி மாதிரி யாருமே இல்லையே" என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை.

ஆச்சி என்று அவள் சொன்னது என் அம்மாவை. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் 26 வருடம் வேலை பார்த்தவர். விடியும் முன்னே தூக்குவாளியில் பழைய கஞ்சியோடு கிளம்பிப் போவார், வெயில் ஏறும் முன்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு உப்பை ஒதுக்கிச் சுமந்துவிட வேண்டும் என்று. உப்பு விளைகிற பாத்தியிலிருந்து அதைக் குவித்து வைக்கிற அம்பாரம் வரைக்கும் தலைச்சுமைதான். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து காலில் விளக்கெண்ணெய் தடவுவார், அந்த வெடிப்பில் என் சுண்டு விரல் நுனி போகும். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அதை விளையாட்டாகச் செய்திருக்கிறேன், இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. மழைக்காலம் வந்துவிட்டால் அளத்தில் வேலை கிடையாது, மூன்று மாதம் கடன்தான். இப்போதுதான் சில வருடமாக அந்த மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் கொடுக்கிறது, அம்மா காலத்தில் அதுவும் இல்லை.

எங்கள் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து அளத்துப் பெண்களுக்கு ஒரு சிலை வைக்கலாம் என்று ரொம்ப நாளாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். பெரிய பணம் எல்லாம் கிடையாது, ஆனால் ஆசை நிஜமான ஆசை. அதனால் இங்கே விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். மெரினாவில் இருக்கிற அந்தச் சிலையை யார், எப்படிச் செய்தார்கள்? அதில் பெண் இல்லாததற்கு ஏதாவது காரணம் உண்டா? வேலை செய்கிற பெண்களை வைத்து வேறு எங்காவது நல்ல சிலை இருக்கிறதா? எங்களை மாதிரி ஆட்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்?


பழைய மெட்ராஸ் எழுதியது:

உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. 50 வருடமாக அந்தச் சிலையைத் தாண்டிப் போகிறவன் நான், எனக்குத் தோன்றவே இல்லை.

செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளி, 1899ல் ரங்பூர் பக்கம் பிறந்தவர், அந்த ஊர் இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. 1929ல் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை ஏற்று வந்தார். 1850ல் ஆரம்பித்த அந்தப் பள்ளிக்கு முதல் இந்தியத் தலைவர் அவர்தான். இப்போது அது எழும்பூர்ப் பக்கம் அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறது. ஏறக்குறைய 30 வருடம் இங்கேயே இருந்தார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், சிற்பி தனபால் எல்லாரும் அவரிடம் படித்தவர்கள். அவர் மல்யுத்தம் பழகியவர் என்பதைத் தெரிந்துகொண்டு அந்த நான்கு பேரின் முதுகையும் தொடையையும் பாருங்கள், எந்தத் தசை எப்போது இறுகும் என்று தன் உடம்பிலேயே அறிந்த ஒருவர் செய்தது என்று புரியும்.

சிலை திறந்தது 1959 ஜனவரி 25, குடியரசு நாளுக்கு முந்தின நாள். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம். அதே கடற்கரையில் நிற்கும் காந்தி சிலையும் இவர் கைவேலைதான், அதுவும் 1959தான். உழைப்பாளர் சிலைக்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் அந்தக் கல்லூரியின் இரவுக் காவலாளி என்று சொல்வார்கள். ராத்திரி முழுக்க வாசலில் காவல் காத்தவர் இன்றைக்கும் கடற்கரையில் நிற்கிறார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். டெல்லியில் தேசிய நவீன கலைக்கூடத்துப் புல்வெளியிலும் இதன் இன்னொரு வார்ப்பு இருக்கிறது.

இந்த இடத்தில்தான் இந்தியாவின் முதல் மே தினம் நடந்தது, அதன் நினைவாகத்தான் சிலை என்று பலர் எழுதுகிறார்கள். மே தினம் நடந்தது உண்மை. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் உயர் நீதிமன்றத்தை ஒட்டிய கடற்கரையில் ஒன்றும் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒன்றுமாக இரண்டு கூட்டம் நடத்தினார். சிலை வந்தது அதற்கு 36 வருடம் கழித்து. ஆனால் ஒவ்வொரு மே 1 அன்றும் தொழிற்சங்கங்கள் அங்கே மாலையோடு வந்து வந்து, இரண்டும் ஒன்றாகவே மக்கள் மனசில் பதிந்துவிட்டன. அது தப்பு என்றும் எனக்குத் தோன்றவில்லை.

பெண் இல்லாததற்கு அவர் காரணம் எதுவும் சொல்லி நான் படித்ததில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதே மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி 10 சிலைகள் வைத்தார்கள். அதில் ஔவையாரும் கண்ணகியும் உண்டு. 2001ல் கண்ணகி சிலையை அகற்றியபோது எவ்வளவு கொந்தளிப்பு, 2006ல் திரும்ப வைத்தபோது எவ்வளவு மகிழ்ச்சி! அதாவது இந்தக் கடற்கரையில் புலவராகவும் காப்பிய நாயகியாகவும் பெண்ணுக்கு இடம் கிடைத்திருக்கிறது, கூலி வேலை செய்கிறவளாகத்தான் இன்னும் கிடைக்கவில்லை.


நெம்புகோல் எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அந்த நான்கு பேர் ஆண்கள் என்பதற்காக அந்தச் சிலை ஆண்களுக்கு மட்டும் ஆகிவிடாது. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் அந்தச் சிலைக்கு முன்னால் நின்று வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். அதில் பெயர் இல்லை, சாதி இல்லை, கட்சி இல்லை. தலைவர்களுக்கே சிலை வைக்கிற நாட்டில் பெயர் தெரியாத நான்கு பேருக்கு வைத்தது பெரிய காரியம். குறை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உப்பளத்துக்குத் தனியாகச் சிலை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை, ஊர் கூடிச் செய்யுங்கள், என்னால் ஆனதை நானும் அனுப்புகிறேன்.


வார்ப்படம் எழுதியது:

நான் சிற்பம் படித்தவன், கும்பகோணத்துப் பக்கம் வார்ப்பு வேலையும் செய்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மெரினா சிலையில் நான் மாணவர்களுக்குக் காட்டுகிற ஒரு விஷயம். அந்தப் பாறை இன்னும் நகரவில்லை. கட்டையைக் கொடுத்து நெம்புகிறார்கள், உடம்பின் மொத்தக் கனத்தையும் போட்டாகிவிட்டது, ஆனால் பாறை அப்படியே இருக்கிறது. நகர்ந்த பிறகு காட்டியிருந்தால் அது வெற்றிக் காட்சி ஆகியிருக்கும், நாமும் பார்த்துவிட்டு நகர்ந்திருப்போம். நகர்வதற்கு முந்தின நொடியைப் பிடித்ததால்தான் 60 வருடம் தாண்டியும் அதைப் பார்க்கிறவனுக்குத் தன் தோளிலும் பாரம் ஏறுகிறது. ஆகவே நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது உயரமோ உலோகமோ இடமோ இல்லை. அளத்து வேலையில் எந்த நொடி என்பதுதான். அதை நான் சொல்ல முடியாது, உங்கள் அம்மாவைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பெண்கள் வேலை செய்கிற சிலை கேட்டீர்கள். மேற்கு வங்கத்தில் சாந்திநிகேதன் போங்கள். ராம்கிங்கர் பைஜ் 1956ல் செய்த ஒரு சிலை அங்கே இருக்கிறது. இரண்டு சந்தால் பழங்குடிப் பெண்கள், அரிசி ஆலைச் சங்கு ஊதிவிட்டது, வேலைக்கு ஓடுகிறார்கள். பின்னாலேயே ஒரு பையன். குளித்துவிட்டு ஈரச் சேலையைக் காயவைக்கக்கூட நேரமில்லாமல், காற்றில் பறக்கவிட்டபடியே ஓடுகிறார்கள். நான் முதல் முறை பார்த்தபோது எனக்குத் திருப்பூர் ஞாபகம் வந்தது, காலையில் கம்பெனி வேனைப் பிடிக்க ஈரத் தலையோடு ஓடுகிற பிள்ளைகள். அதற்கு 18 வருடம் முன்னால், 1938ல், அவர் செய்த சந்தால் குடும்பமும் பக்கத்தில்தான். அப்பன் தோளில் காவடி, ஒரு கூடையில் குழந்தை, தாய் தலையில் சுமை, கூடவே நாயும் நடக்கிறது. இடம் பெயர்ந்து போகிற கூலிக் குடும்பம். சாமியும் இல்லை, தலைவரும் இல்லை, தினமும் அந்த வழியாக நடந்துபோன ஆட்கள்தான்.

உங்களுக்கு முக்கியமான விஷயம் இது. அந்த இரண்டும் வெண்கலம் கிடையாது. சிமெண்டுக் கலவையோடு அந்த மண்ணின் செம்பாறைச் சரளையைச் சேர்த்து அப்பிச் செய்தது. வெண்கலத்துக்குக் காசில்லாத காலத்தில், வெயிலிலும் மழையிலும் நிற்கிற சிலை வேண்டும் என்று கண்டுபிடித்த வழி. சிலையும் அந்த ஊர் மண்ணின் நிறத்திலேயே இருக்கிறது.

ஆனால் தூத்துக்குடியில் சிமெண்டு என்றால் கவனம் வேண்டும். உப்புக்காற்று சிமெண்டுக்குள் மெல்ல இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஊதும், மேலே வெடிக்கும். உங்கள் ஊர்ப் பழைய மாடிக் கைப்பிடிச் சுவர்களைப் பார்த்தாலே தெரியும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டு, மேலே கனமாகப் பூச்சு கொடுத்தால் நெடுநாள் நிற்கும். வெண்கலம் கடல் காற்றில் களிம்பு ஏறிப் பச்சையாகும், வருடத்துக்கு ஒரு முறை கழுவி மெழுகு பூசினால் போதும். ஆனால் விலை அதிகம். சுவாமிமலையில் நாங்கள் சாமி விக்கிரகம் செய்வது கனவார்ப்பு. மெழுகில் உரு பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவோம், உள்ளே முழுக்க உலோகம்தான். ஆள் உயரச் சிலைக்கு அப்படிச் செய்தால் கட்டுபடி ஆகாது. களிமண்ணில் உரு செய்து, அச்செடுத்து, உள்ளே கூடாகத் துண்டு துண்டாக வார்த்து ஒட்ட வேண்டும். கருங்கல் இன்னொரு வழி, உப்புக்கு அது நன்றாகத் தாங்கும், ஆனால் ஓடுகிற, தூக்குகிற அசைவைக் கல்லில் கொண்டுவருவது கஷ்டம், கை ஒடியும்.

இன்னொன்று, இதை நான் மனசார வேண்டிக் கேட்கிறேன். தலையில் பெட்டி வைத்த பெண் சிலைகள் நம் ஊர் ரவுண்டானாக்களில் நிறைய வருகின்றன. பெரும்பாலானவற்றில் சும்மாடு, அதாவது சுமைக்கு அடியில் தலையில் வைக்கிற துணிச் சுருள், இருக்காது. வெறும் மண்டையில் சுமை நிற்கும். சுமந்த பெண் ஒருத்தி அதைப் பார்த்தால் முதல் பார்வையிலேயே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கழுத்து நரம்பு எங்கே புடைக்கும், எந்தக் கை பிடிக்கும், எந்தக் கை வீசும், கால்விரல் வரப்பை எப்படிக் கவ்வும், இதெல்லாம் சரியாக வந்தால்தான் அது அவர்களுக்கான மரியாதை. சிற்பியைப் பேசும்போதே ஒரு வாரம் அளத்தில் வந்து உட்காரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அனுமதி விஷயம். 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சாலையிலும் நடைபாதையிலும் பொதுப் போக்குவரத்து இடங்களிலும் புதிதாகச் சிலைக்கு அனுமதி தரக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஆகவே ரோட்டோரம் என்று நினைக்காதீர்கள். சங்கத்துக்குச் சொந்தமான இடம், பள்ளிக்கூட வளாகம், இப்படிப் பாருங்கள்.


கொழுந்துக்கூடை எழுதியது:

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம். மூன்று தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குடும்பம். அளத்துப்பிள்ளை அக்கா, உங்கள் அம்மாவின் காலைப் பற்றி எழுதியதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ "நமக்குக் கை, அவங்களுக்குக் கால்" என்று சொன்னா. கொழுந்தின் கறை ஏறிக் கறுத்த விரல்கள் எங்களுக்கு.

எங்கள் பிரச்சினை வேறு மாதிரி. எங்கட பெண்களின் படம் இல்லாத இடமே இல்லை. தேயிலைப் பெட்டி, சுற்றுலா விளம்பரம், விமான நிலையம், எல்லாவற்றிலும் கூடையோடு சிரித்துக்கொண்டு நிற்கிற பெண். அந்தப் படத்தில் மழையும் இல்லை, இரத்தம் குடிக்கிற அட்டையும் இல்லை. இடுப்பில் கட்டுகிற படங்கும் இருக்காது, அது இல்லாமல் எந்தப் பெண்ணும் மலையில் ஏறுவதில்லை, செடியின் கிளை கிழித்துப்போடும். கூடையின் கயிறு நெற்றிக்கு மேலே அழுத்தி அழுத்தி அங்கே முடி தேய்ந்துபோயிருக்கும், அதை எந்த விளம்பரத்திலும் காட்ட மாட்டார்கள். 2023ல் மலையகம் 200 என்று, எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து 200 வருடம் ஆனதற்காக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள், எங்கள் முன்னோர் கால்நடையாக வந்த அதே பாதையில். வந்து சேர்ந்தவர்களைப் போல வழியிலேயே விழுந்தவர்களும் ஆயிரக்கணக்கில் என்று அப்போதுதான் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரிந்தது.

ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சிலையில் உங்கள் பெண் சிரிக்க வேண்டாம். அழவும் வேண்டாம். வேலையில் இருக்கும்போது எப்படி இருப்பாளோ அப்படி இருக்கட்டும்.


டைன் நதிக்கரை எழுதியது:

இங்கிலாந்தின் வடகிழக்கில் கேட்ஸ்ஹெட் பக்கம் 12 வருடமாக இருக்கிறேன், சொந்த ஊர் நெய்வேலி. இங்கே ஒரு சிலை இருக்கிறது, வடக்கின் தேவதை என்று பெயர். ஆண்டனி கோர்ம்லி செய்தது, 1998ல் நிறுத்தினார்கள். 20 மீட்டர் உயரம், இறக்கை 54 மீட்டர் அகலம், மொத்தம் 200 டன் எஃகு. அது நிற்கிற மேடு பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் இடம். தொழிலாளர்கள் மேலே வந்து கரியைக் கழுவிக் குளித்த குளியலறைகள் இருந்த இடத்தில்தான் நிற்கிறது. எஃகும் துரு நிறத்திலேயே இருக்கும்படி தேர்ந்தெடுத்தது, அந்தத் துருவே கவசமாகிவிடும். கப்பல் கட்டிய, கரி தோண்டிய பகுதி, இரண்டு தொழிலும் போய்விட்டது.

அறிவிப்பு வந்தபோது ஊரில் கடும் எதிர்ப்பு, இந்தக் காசில் வேறு ஏதாவது செய்யலாமே என்று. வைத்த சில மாதத்திலேயே கால்பந்து ரசிகர்கள் ராத்திரியோடு ராத்திரியாக அதற்கு நியூகாசில் அணியின் பெரிய சட்டையை மாட்டிவிட்டார்கள். இன்றைக்கு அதன் பக்கத்து மரங்களில் இறந்தவர்களின் நினைவாக மக்கள் படங்களும் பூக்களும் கட்டிவைக்கிறார்கள். நெடுஞ்சாலையில் வடக்கே வரும்போது அதைப் பார்த்ததும் வீடு வந்துவிட்டது என்று என் பிள்ளைகளே சொல்கிறார்கள்.

அதில் மண்வெட்டியோ விளக்கோ சுரங்கத் தொழிலாளியோ இல்லை. ஆனாலும் அது அவர்களுடையதுதான் என்று எல்லாருக்கும் தெரிகிறது, இடம் அப்படி. வார்ப்படம் அண்ணா சொன்ன மாதிரி சும்மாடு முக்கியம்தான், ஆனால் எங்கே வைக்கிறீர்கள் என்பதும் அதே அளவு முக்கியம். அளத்துக்குப் போகிற பாதையில், விடியற்காலையில் அவர்கள் நடந்துபோகும்போது கண்ணில் படுகிற இடமாகப் பாருங்கள். ஊருக்கு நடுவே வைத்தால் அது மற்றவர்கள் பார்க்க வைத்த சிலையாகிவிடும்.


அளத்துப்பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நெம்புகோல் அண்ணா, உங்கள் அப்பா கும்பிட்டதைப் படித்த பிறகு மகளை இன்னொரு முறை கூட்டிப் போய் அந்தக் காவலாளி கதையையும் சொல்லிக் காட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். இதற்கிடையில் ராய் சௌத்ரி பற்றித் தேடினேன். டெல்லியில் தண்டி யாத்திரையை வைத்து 11 பேர் நடக்கிற சிலை இருக்கிறதே, பழைய 500 ரூபாய் நோட்டின் பின்பக்கம் வருமே, அதுவும் அவர் செய்ததுதானாம். உப்புக்காக நடந்தவர்களை அவ்வளவு அழகாகச் செய்தவர். வேதாரண்யம் பக்கத்தில் அகஸ்தியம்பள்ளியிலும் 1930 உப்புச் சத்தியாகிரகத்துக்கு நினைவுத் தூண் இருக்கிறது, பள்ளியில் சுற்றுலா போனபோது பார்த்திருக்கிறேன். உப்பை விளைவித்து ஒதுக்கிச் சுமந்தவர்களைத்தான் யாரும் செய்யவில்லை.

நேற்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு, எந்த நொடி என்று வார்ப்படம் அண்ணா கேட்டதை அப்படியே கேட்டேன். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி வைக்கலாமா என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "ஏட்டி, அந்தப் பெட்டி தானாவா தலைக்கு ஏறும்? தூக்கிவிட ஒருத்தி வேண்டாமா?" என்றார்.

எனக்கு இது தோன்றவே இல்லை. நிறை பெட்டியைத் தனியாக யாரும் தலையில் ஏற்ற முடியாது. எதிரெதிரே நின்று, இருவரும் குனிந்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஒரே மூச்சில் தூக்கி, ஒருத்தி அதன் கீழே தலையைக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு 20 வருடம் தூக்கிவிட்டது ஒரே ஆள்தான், பக்கத்துத் தெரு அத்தை. அவர் வராத நாளில் அம்மாவும் வேலைக்குப் போக மாட்டாராம். ஒருத்தி தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் கடைசியில் மிஞ்சுகிறவளின் பெட்டியைத் தூக்கிவிட ஆள் இருக்காதே, அதை எப்படித் தூக்கினீர்கள் என்று கேட்டேன். "மேஸ்திரி தூக்கிவிட மாட்டான். பாதி பாதியாப் போட்டு ரெண்டு நடை போவோம்" என்றார்.

ஆகவே இரண்டு பெண்கள். பெட்டி இன்னும் தலைக்கு ஏறவில்லை, இரண்டு பேர் கைக்கும் நடுவில் நிற்கிறது. வார்ப்படம் அண்ணா, இது சிமெண்டில் வருமா, கை தாங்குமா? நீங்களே சொல்லுங்கள். அம்மாவின் பழைய ஓலைப்பெட்டி இன்னும் பரணில் இருக்கிறதாம், ஓரம் பிய்ந்துவிட்டதாம். சும்மாட்டுத் துணி எப்போதோ போய்விட்டது, ஆனால் எப்படிச் சுருட்டுவது என்று செய்து காட்டுகிறேன் என்றிருக்கிறார். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். அத்தையையும் வரச் சொல்லி இரண்டு பேரையும் நிற்கவைத்து நாலு பக்கமும் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.